ஜன்னலோரம் ஒரு ஸ்டூடியோ

என் அம்மா இறந்தபோது வீட்டில் அவள் படம் என்று ஒன்றுகூட இல்லை. நாலு பிள்ளை பெற்று, நாலு பேருக்கும் கல்யாணம் செய்து வைத்து, ஊரில் எந்த விசேஷம் என்றாலும் முதல் ஆளாய்ப் போய் நின்றவள் அவள். தேடித் தேடி, கடைசியில் சித்தப்பா மகளின் கல்யாண ஆல்பத்தில் அகப்பட்டாள். பந்தியில் குனிந்து பரிமாறிக்கொண்டிருந்தாள். முகம் பட்டாணி அளவு. அதைப் பெரிதாக்கி, பின்னால் நீல வானமும் ரோஜாப் பூவும் வைத்துச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். மாலை போட்டோம், விளக்கேற்றினோம். ஆனால் அது என் அம்மா முகமாக இல்லை. யாரோ ஒருத்தியைக் கும்பிடுகிற மாதிரிதான் இன்றைக்கும் இருக்கிறது எனக்கு.

அந்த ஆற்றாமைதான் என்னைக் கேமராவைத் தொட வைத்தது. அடுப்படியும் பிள்ளையும் உண்டு என்று இருந்த நான், வீட்டு ஜன்னலோரத்தை ஒரு ஸ்டூடியோவாக மாற்றிய கதையை உங்களிடம் சொல்கிறேன். பெரிய விளக்கு, பெரிய குடை எதுவும் கிடையாது. வேஷ்டி, தெர்மக்கோல், அலுமினியப் பேசின்... இவ்வளவுதான்!

எனக்கு வாழ்க்கைப்பட்ட ஊர் மரக்காணம். விழுப்புரம் மாவட்டம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகிறவர்கள், சாலையோரம் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்களைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் எங்கள் ஊர். தை மாதம் பாத்தி கட்டி மிதிப்பதில் தொடங்கினால், ஐப்பசி மழை வந்து கலைக்கிற வரைக்கும் உப்பள வேலை இருக்கும். மழை மாதங்களில் அடுப்பெரிவதே கஷ்டம். என் மாமியார் முப்பது வருஷத்துக்கு மேல் அளத்தில் உப்புக் கூடை சுமந்தவர். விடியுமுன்னே போய், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டு வருவார். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

பக்கத்துக் கழுவெளி ஏரி 2021-ல் பறவைகள் சரணாலயமானது. பறவை பார்க்க வருகிறவர்கள் அப்படியே உப்பளத்தையும் படம் பிடிப்பார்கள். சூரியன் பின்னால், வானம் சிவப்பு, நடுவே தலையில் கூடையோடு கறுப்பாய் ஒரு பெண்ணுருவம். அழகாகத்தான் இருக்கும். அத்தையையே எத்தனை பேர் அப்படி எடுத்திருப்பார்களோ! ஆனால் ஒன்றிலாவது அவர் முகம் இருக்குமா? கூடை இருக்கும், நடை இருக்கும், முகம் மட்டும் இருக்காது.

என் தம்பி சென்னையில் கல்யாண வீடியோக்காரரிடம் வேலை பார்க்கிறான். புதுக் கேமரா வாங்கியபோது பழையதை எனக்குத் தந்தான். லென்ஸ் ஒன்று. ஃபிளாஷ் கிடையாது. எடுத்ததும் முதலில் அத்தையிடம்தான் போனேன்.

"இன்னாத்துக்கும்மா என்னைப் போய்?" என்றார். பிறகு என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "மால போடத்தான?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. உண்மை அதுதானே? அம்மா விஷயத்தில் கோட்டை விட்டதை இவர் விஷயத்தில் விடக்கூடாது என்றுதானே வந்தேன்? உயிரோடு எதிரே நிற்கிறவரிடம் அதை எப்படிச் சொல்வது!

ஒருவழியாகக் கெஞ்சி, காலை ஒன்பது மணிக்கு உப்பளத்திலேயே நிற்கவைத்து எடுத்தேன். பின்னால் உப்பு மலை பளபளவென்று மின்னியது. படத்தில் அத்தையின் முகமோ கரிக்கட்டை! கண் எது, மூக்கு எது என்று தெரியவில்லை. "நான்தான் சொன்னேனே, இந்தக் கறுப்பு மூஞ்சிக்கு இதெல்லாம் எதுக்குன்னு" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

தம்பிக்கு போன் போட்டுக் கேட்டேன். அவன் சொன்ன விளக்கம் என் கண்ணைத் திறந்தது. கேமரா தானாகக் கணக்குப் போடும்போது, எதிரே உள்ளதெல்லாம் சேர்ந்து நடுத்தரமான சாம்பல் நிறம் என்று வைத்துக்கொள்ளுமாம். எதிரே முக்கால்வாசி வெள்ளை உப்பு இருந்தால், 'ஐயோ, வெளிச்சம் அதிகம்' என்று எல்லாவற்றையும் மங்கலாக்கிவிடும். உப்பு சாம்பலாகும், முகம் கரியாகும். குற்றம் அத்தையின் நிறத்தில் இல்லை. கணக்கு தப்பு! வெளிச்சத்தை முகத்தில் அளந்தால் போதும். செல்போனில் எடுக்கிறவர்கள் முகத்தின் மேல் ஒருமுறை விரலால் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியன் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். முகம் முகமாகத் தெரியும்.

அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்காரர் ஒருவர் என் கல்யாணப் படத்துக்கு என் முகத்தில் பவுடரை அப்பியது ஞாபகம் வந்தது. சாம்பல் பூசிய பூசணிக்காய் மாதிரி இருந்தேன்! கறுப்பு முகத்துக்கு வேண்டியது பவுடர் இல்லை, வெளிச்சம். பக்கவாட்டிலிருந்து பரந்த வெளிச்சம் விழுந்தால் கன்ன மேட்டிலும் நெற்றியிலும் எண்ணெய் தடவிய கருங்காலி மாதிரி ஒரு மினுமினுப்பு வரும். அதை எந்தப் பவுடரும் தராது.

ஆனால் பரந்த வெளிச்சத்துக்கு எங்கே போவது?

ராத்திரியில் செல்போன் ஃபிளாஷ் போட்டு மகளை எடுத்துப் பார்த்தேன். மூக்கு நுனி எண்ணெய் வடிகிறது, கண்கள் சிவப்பு, சுவரில் தலைக்குப் பின்னால் கறுப்பாய் இன்னொரு தலை! டியூப் லைட் அடியில் எடுத்தேன். எங்கள் கூடத்துச் சுவர் கிளிப்பச்சை. அந்தப் பச்சை முழுக்கக் குழந்தை கன்னத்தில் ஏறிக் காமாலைக்காரி மாதிரி இருந்தாள். சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் சுவரின் நிறத்தையும் கூட்டிக்கொண்டு வரும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஒருநாள் மத்தியானம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். மகள் ஜன்னலுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். வடக்குப் பார்த்த ஜன்னல். வெயில் நேராக வராது, வானத்து வெளிச்சம் மட்டும் வரும். ஒரு பக்கக் கன்னம் பளிச்சென்றும், மறு பக்கம் மெல்ல மெல்ல இருளிலும் இறங்கியிருந்தது. முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தேன். அதுதான் நான் எடுத்த முதல் நல்ல படம்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மின்சாரம் வருமுன் இருந்த ஸ்டூடியோக்களில் ஒரு பக்கம் கண்ணாடிக் கூரையோ பெரிய ஜன்னலோ வைத்து, வெள்ளைத் திரைகளை இழுத்தும் விலக்கியும்தான் வெளிச்சத்தை ஆண்டிருக்கிறார்கள். நம் தென்னாட்டில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சித்திரை நடுவிலிருந்து ஆடி முடியும்வரை உச்சிச் சூரியன் எங்கள் ஊரில் வடக்கே சாய்ந்திருக்கும். அப்போது வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும். ஜன்னலுக்கு வெளியே ஒரு வெள்ளை வேஷ்டியைக் கட்டிவிட்டால் தீர்ந்தது.

வேஷ்டி கட்டினால் என்ன ஆகிறது என்று கேட்கிறீர்களா? உச்சி வெயிலில் உங்கள் நிழலைப் பாருங்கள். கத்தியால் வெட்டினது போல் இருக்கும். மூடாக்குப் போட்ட நாளில் நிழலே இருக்காது. வெளிச்சம் புறப்படும் இடம் சிறிதாக இருந்தால் நிழல் கடுமை. பெரிதாக இருந்தால் நிழல் மென்மை. சூரியன் எவ்வளவு பெரிதானாலும் நமக்குக் காசு அளவுதானே தெரிகிறது? மேகம் வந்தால் வானம் முழுக்க விளக்காகிவிடுகிறது. குண்டு பல்பு முன்னால் நாலடி வேஷ்டியைத் தொங்கவிட்டால், அப்புறம் விளக்கு பல்பு இல்லை, வேஷ்டிதான்!

இதை நான் கண்டுபிடித்ததாக நினைத்து இரண்டு நாள் பெருமைப்பட்டுக்கொண்டேன். தம்பி சிரித்தான். சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' 1956-ல் வந்தபோதே ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா இதைச் செய்துவிட்டாராம். காசி நகரத்து வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவுக்குள் செட் போட்டிருந்தார்கள். திறந்த முற்றத்தில் வானத்திலிருந்து இறங்குகிற நிழலில்லாத வெளிச்சம் வேண்டும். மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை ஆட்கள் மேல் அடிக்காமல் துணி மேல் அடித்து, திரும்பி வந்த வெளிச்சத்தில் படமெடுத்தார். நம்மிடமும் துணி இருக்கிறது, கொடிக் கயிறு இருக்கிறது. பிறகென்ன?

இன்னொருத்தியின் கதை எனக்கு அதைவிடத் தெம்பு தந்தது. ஜூலியா மார்கரெட் கேமரன் என்று ஒரு அம்மாள். 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863-ல், தமது 48-வது வயதில், மகளும் மருமகனும் பரிசாகத் தந்த கேமராவை வைத்துத்தான் படமெடுக்கவே கற்றுக்கொண்டார். அப்போது இங்கிலாந்தில் இருந்தார். கோழிக் கூண்டாக இருந்த கண்ணாடிக் கொட்டகையைக் காலி செய்து ஸ்டூடியோவாக்கினார். கரி போட்டு வைக்கும் அறைதான் இருட்டறை. பிள்ளைகளையும் வேலைக்காரப் பெண்களையும் உட்காரவைத்து எடுத்த முகங்களை இன்றைக்கும் உலகம் போற்றுகிறது. கடைசிக் காலத்தில் இலங்கைக்கு வந்து, அங்கிருந்த எளிய மக்களையும் எடுத்து, 1879-ல் அங்கேயே கண்ணை மூடினார். 48 வயதில் ஒருத்தி கோழிக் கூண்டில் ஆரம்பித்தால், 34 வயதில் நான் கூடத்தில் ஆரம்பிக்கக்கூடாதா?

என் ஸ்டூடியோ இப்படித்தான் அமைந்தது. ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு முக்காலி. உட்காருபவரின் ஒரு தோள் ஜன்னலைப் பார்த்திருக்கும், முகம் பாதி திரும்பியிருக்கும். மறு பக்கம் இருட்டாகத் தெரிந்தால் அங்கே ஒரு தெர்மக்கோல் பலகை. அது ஜன்னல் வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தரும். கிட்டே வைத்தால் நிழல் கரையும், தள்ளி வைத்தால் நிழல் அழுத்தமாகும். முகம் ரொம்பச் சப்பையாகத் தெரிந்தால், தெர்மக்கோலுக்குப் பதில் என் கறுப்புக் கம்பளியைத் தொங்கவிடுவேன். பச்சைச் சுவரை மறைக்க வெள்ளைப் படுக்கை விரிப்பு. உட்காருபவர் சுவரிலிருந்து நாலடி முன்னால் வந்துவிட்டால், பாஸ்போர்ட் படத்தில் தலைக்குப் பின்னால் விழுகிற கறுப்பு நிழலும் இருக்காது. முக்கியமாக, கூடத்தில் உள்ள எல்லா விளக்கையும் அணைத்துவிட வேண்டும். ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், பல்பு ஒரு நிறம். இரண்டும் கலந்தால் முகம் இரண்டு நிறமாகும்.

ஐப்பசி மழையில் ஜன்னல் இருண்டபோது அலுமினியப் பேசின் கை கொடுத்தது. பேசினுக்கு முன் எல்.இ.டி. பல்பைக் கட்டினால் வெளிச்சம் முன்னோக்கிக் குவியும். ஒன்றரை முழம் தள்ளிக் கொடியில் வேஷ்டி. விளக்கை முகத்துக்கு அருகில் வையுங்கள். இரண்டடியில் இருந்த பல்பை நாலடிக்கு நகர்த்தினால் வெளிச்சம் பாதியாகாது, கால் பங்காகும்! மலிவான பல்புகள் நம் மின்சாரத்தில் நொடிக்கு 100 தரம் துடிக்கும். கேமராவின் வேகத்தை நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு அல்லது நூறில் ஒரு பங்கு என்று வைத்தால் படத்தில் கோடு கோடாக விழாது. பழைய ஹாலஜன் ஃபோகஸ் விளக்கு வேண்டாம். அடுப்பு மாதிரி கொதிக்கும், துணி பற்றிக்கொள்ளும். எந்த விளக்கானாலும் துணி அதைத் தொடக்கூடாது. அலுமினியத்தில் ஒயர் உரசி மின்சாரம் பாயாதபடி ஹோல்டரையும் ஒயரையும் எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்துப் பொருத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஓடுகிற வீடு பாருங்கள்!

மெல்ல மெல்ல அக்கம்பக்கத்தவர் வர ஆரம்பித்தார்கள். மஞ்சள் நீராட்டுப் பெண், தலை நின்ற குழந்தை, பரீட்சைக்கு விண்ணப்பம் போடுகிற பையன். அத்தையோடு முப்பது வருஷம் உப்புச் சுமந்த ஒரு அக்காவுக்கு ஏதோ மனுவில் ஒட்டப் படம் வேண்டியிருந்தது. ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்து, பெரிதாக ஒன்றும் போட்டுக் கொடுத்தேன். அத்தை அதைக் கையில் வாங்கி வாசல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இவ மூஞ்சி இம்மாம் லட்சணமாவா இருக்கும்? தெனம் பாக்கறேன், எனக்குத் தெரியலையே!"

அப்போதுதான் நானும் வாயைத் திறந்தேன். என் அம்மாவின் பட்டாணி முகக் கதையைச் சொன்னேன். "நீங்க கேட்டது நெசந்தான் அத்தை. மாலை போடணும்னுதான் முதல்ல வந்தேன். என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்தார். "இரு, தல சீவிக்கினு வரேன்."

வாரிச் சீவி, பெரிய பொட்டு வைத்து, ஜன்னலோரம் உட்கார்ந்தார். சிரிக்கச் சொல்லவில்லை நான். உப்பு எப்படி விளையும் என்று கேட்டேன். பேச ஆரம்பித்ததும் தோள் இறங்கியது, கை தளர்ந்தது. பத்து நிமிஷத்தில் முகம் வந்துவிட்டது.

அன்றிரவு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கண்ணிலும் ஜன்னல் ஒரு வெள்ளைப் பொட்டாய் விழுந்திருந்தது. வலது கண்ணில், மூக்குப் பக்கத்து மூலையிலிருந்து சிவந்த சதை ஒன்று கிளம்பிக் கருவிழி மேல் ஏறியிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்பது வருஷமாய் ஒரே வீட்டில் சோறு போட்டிருக்கிறேன், ஒருநாளாவது அந்தக் கண்ணை நேராகப் பார்த்தேனா?

"அது உப்புக் காத்துக்கு வர்றதும்மா, அளத்துல பாதிப் பேருக்கு இருக்குது" என்று தட்டிக் கழித்தார். விடாமல் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். வருஷக்கணக்கில் வெயிலும் காற்றும் தூசியும் பட்டால் இப்படிச் சதை வளரும் என்றார் டாக்டர். வெயில் மேலிருந்து மட்டுமல்ல, வெள்ளை உப்பிலும் தண்ணீரிலும் பட்டுக் கீழிருந்தும் கண்ணைத் தாக்குகிறதாம். என் தெர்மக்கோல் பலகை செய்கிற அதே வேலைதான்! சதை கண்மணி வரை வளர்ந்தால் பார்வையை மறைக்கும். அதை எடுத்துவிட்டு, மறுபடி வளராமலிருக்க, அவர் கண்ணிலிருந்தே மெல்லிய சவ்வு எடுத்து ஒட்டுவைத்தார்கள். இப்போது அத்தை கறுப்புக் கண்ணாடியும் அகலத் தொப்பியுமாகத்தான் அளத்துக்குப் போகிறார். "எம்.ஜி.ஆர். வர்றாரு" என்று கேலி செய்த பெண்கள் இரண்டு பேர் தாங்களும் கண்ணாடி வாங்கிவிட்டார்கள்!

கைக்குழந்தை வைத்திருக்கிற தாய்மார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஃபிளாஷ் வெளிச்சத்தால் குழந்தையின் பார்வை கெட்டுவிடாது. திடுக்கிட்டு அழும், அவ்வளவுதான். ஆனால் ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களில் ஒரு கண்மணி சிவப்பாகவும், மற்றது வெள்ளையாகவும் திரும்பத் திரும்பத் தெரிந்தால், அதைக் கேமராக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். சில சமயம் ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். ஆனால் குழந்தைகளுக்கு வரும் கண் புற்றுநோயும் அப்படித்தான் முதலில் தலைகாட்டும். சீக்கிரம் பார்த்தால் உயிரையும், பெரும்பாலும் கண்ணையும் காப்பாற்றலாம்.

எடுத்த படத்தைப் போனிலேயே விட்டுவிடாதீர்கள். போன் தொலைந்தால் முகமும் தொலையும். ஒன்றாவது காகிதத்தில் போட்டு வையுங்கள். கடலோர ஈரக் காற்று படத்துக்கும் லென்ஸுக்கும் எதிரி. நான் கேமராவை இறுக்கமான டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன்.

அத்தையின் படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. மாலை இல்லை, பக்கத்தில் பேத்தி வரைந்த கொக்கு. வருகிறவர்களிடம், "என் மருமவ எடுத்தது" என்பார்.

போன மாதம் திடீரென்று கேட்டார், "ஏம்மா, ஊரையெல்லாம் எடுக்கறியே, உன்னை யாரு எடுத்தா?"

யோசித்துப் பார்த்தேன். கல்யாணப் படத்துக்கப்புறம் என் படம் என்று ஒன்றுமே இல்லை!

"போய் உக்காரு" என்று முக்காலியைக் காட்டினார். கேமராவை வாங்கி, எந்தப் பித்தானை அமுக்குவது என்று கேட்டுக்கொண்டார். தெர்மக்கோலைத் தாமே நகர்த்தி வைத்தார். "இந்தப் பக்கம் திரும்பு. கன்னத்துல வெளிச்சம் விழணும்" என்றார்.

படம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது. உச்சந்தலை பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. இருக்கட்டும். என் மகளுக்கு அவள் அம்மா முகம் இருக்கிறது.